கோவளத்துத் தண்ணீரில் நுரை

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த வீட்டில் கதவு எண் எழுதிய தகடு உள்ளங்கை அகலம்தான். அதற்கு மேலே மாட்டியிருந்த பெயர்ப்பலகை ஒரு சின்ன மேஜை அகலம் இருக்கும். 'முனைவர் எஸ். ஜீவானந்தம், எம்.எஸ்சி., எம்.பில்., பிஎச்.டி., வேதியியல் பேராசிரியர், துணை முதல்வர் (ஓய்வு).' அடைப்புக்குறிக்குள் இருந்த ஓய்வு மட்டும் கொஞ்சம் பொடி எழுத்தில் இருந்தது. பக்கத்து வீடுகளுக்குப் பார்சல் கொண்டுவரும் கூரியர்காரர்கள் "அந்த போர்டு வீட்டுக்கு எதிர்ல", "போர்டு வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி" என்று போனில் வழி கேட்டுக்கொள்வார்கள். அந்த வகையில் பலகையால் தெருவுக்கே உபயோகம் இருந்தது.

மெஹர் பானுவும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வந்தார். குரோம்பேட்டையிலிருந்து, பத்து லிட்டர் கேன் ஒன்றை ஸ்கூட்டியில் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் தாண்டி வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஜீவானந்தம் பேப்பர் படித்து முடித்து, அதில் கண்ட பிழைகளை மனைவி ஜெயஸ்ரீக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி சார்தானே?"

ஓய்வு பெற்ற ஐந்து வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டைத் தட்டியவர்கள் எல்லாரும் மாடி போர்ஷன் காலியா என்றுதான் கேட்டார்கள்.

"உட்காருங்கம்மா" என்றார். குரலில் ஒரு வகுப்பறை தயாராகிவிட்டது.

மெஹர் பானு உட்காராமலே சொன்னார். கையால் செய்கிற லிக்விட் சோப்பு. எண்ணெயையும் காஸ்டிக் பொட்டாஷையும் சேர்த்துக் காய்ச்சிக் களியாக்கி, பிறகு தண்ணீரில் கரைப்பது. ஒன்பது மாதமாகச் செய்கிறார். அதற்கு முன்னால் பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் மரியாதைக்கு வாங்கினார்கள். இரண்டாவது பாட்டிலுக்கு மரியாதை போதவில்லை.

"மொத மொதல்ல நிஜமா கேட்டு வாங்கினது கோவளத்துல மீன் விக்கறவங்கதான் சார். நாப்பது பேர் ஒரு குழு. ஐஸ், உப்புத் தண்ணி, மீன் முள்ளு, எந்நேரமும் கை அதுலயேதான். வேன்ல ஒருத்தர் நீலக் கலர்ல ஒரு லிக்விட் கொண்டாந்து விக்கறாரு. அதைப் போட்டுக் கழுவிக் கழுவி தோலே உரியுது. சரி, நம்மது மைல்டா இருக்கும்னு ரெண்டு கேன் கொடுத்தேன். மூணாம் நாள் திருப்பிட்டாங்க."

"ஏன்?"

"நுரையே வரலையாம். திரிஞ்ச பால் மாதிரி கையில ஒட்டுதாம். அங்காளம்மான்னு, அவங்கதான் குழுவுக்குத் தலைவி. 'வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் கூடுவோம், அன்னிக்கு வேற கொண்டா. அதுவும் இதே மாதிரின்னா வராத'ன்னுட்டாங்க. அன்னிக்குக் கொடுக்க வேண்டியதுதான் இந்தக் கேன்ல இருக்கு." கேனின் மூடியை இறுக்கினார். "வெள்ளிக்கிழமை சரியா வரலைன்னா நான் திரும்ப பேக்கிங்தான் சார். அங்க சூப்பர்வைசர் என் சீட்டுல இன்னும் ஆள் போடல. எப்படியும் வருவேன்னு எனக்காக வெச்சிருக்காராம். அதை நெனைச்சாத்தான் பயமா இருக்கு."

ஜெயஸ்ரீ சமையலறை வாசலிலிருந்து இதைக் கேட்டுச் சிரித்தார். ஜீவானந்தம் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் விஷயம் வரவில்லை.

விஷயம் லேபிளில் இருந்தது. கேனின் மேல் பச்சை இலைகளுக்கு நடுவே பெரிதாக 'பிஎச் 5.5' என்று அச்சாகியிருந்தது.

"இது நான் போடச் சொல்லல சார். பிரஸ்ல, 'எல்லா சோப்பு லேபிள்லயும் இது இருக்கும்க்கா, பாக்க நல்லா இருக்கும்'னு போட்டுட்டாங்க. ஐந்நூறு ஸ்டிக்கர். அப்புறம் நானே டெஸ்ட் பேப்பர் வாங்கிப் பாத்தா பத்து காட்டுது. அதனாலதான் நுரை வரலையோ என்னமோ. பிஎச் சரியானா நுரையும் சரியாயிடும்னு நெனைக்கிறேன். நீங்க சொன்னா செய்யறேன்."

"பிஎச்" என்று சொல்லி ஜீவானந்தம் கண்களை மூடிக்கொண்டார்.

அடுத்த நாற்பது நிமிடங்களில் அயனி, செறிவு, மடக்கை, மடக்கைக்கு முன்னால் வரும் கழித்தல் குறி எல்லாம் அந்த வராந்தாவைக் கடந்து போயின. மெஹர் பானு முதல் பத்து நிமிடம் ஒரு நோட்டில் எழுதினார். பிறகு நோட்டை மூடிவிட்டு மரியாதையாகக் கேட்டார். டீ கொண்டுவந்த ஜெயஸ்ரீ அவர் காதருகே குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நாப்பது நிமிஷத்துல பெல் அடிச்சிடும்" என்றார். சொன்னபடியே முடிந்தது.

அடுத்தது செய்முறை வகுப்பு. பீரோவிலிருந்து அந்துருண்டை வாசனையோடு வெள்ளை கோட்டு வந்தது. மெஹர் பானு கொண்டுவந்த டெஸ்ட் பேப்பரைச் சோப்பில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"பத்து. நம்ம தோல் அஞ்சரை. நடுவுல நாலரை வித்தியாசம். அதுல ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. அப்படின்னா கிட்டத்தட்ட முப்பதாயிரம் மடங்கும்மா."

மெஹர் பானு தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். ஒன்பது மாதமாக அதே சோப்பில் கழுவிய கைகள். அப்படியேதான் இருந்தன.

"நுரையையும் பாத்துடுவோம். ஜெயஸ்ரீ, ஒரு கிளாஸ்ல தண்ணி."

ஜெயஸ்ரீ ஆர்.ஓ. குழாயில் பிடித்துக் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் அது பழக்கம். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, திட்ட. விருந்தாளிக்கும் சோற்றுக்கும் காபிக்கும், கொஞ்சம் கௌரவமான எந்தக் காரியத்துக்கும் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர். மெஹர் பானுவும் வீட்டில் கேன் தண்ணீரில்தான் சோப்புக் கரைப்பார், அதிலேயே கழுவியும் பார்ப்பார். சோதனை என்பதும் கௌரவமான காரியம்தானே. ஆகவே மூன்று பேரில் யாருக்கும் இதில் எதுவும் தோன்றவில்லை.

சோப்பை விட்டுக் குலுக்கினார். கிளாஸ் நிறைய நுரை.

"பாத்தீங்களா? சோப்புல குறை இல்ல. உபயோகிக்கறவங்ககிட்டதான் குறை. எப்படிக் கழுவணும்னு தெரியல."

"நாப்பது பேர் சார். அத்தனை பேருக்குமா கை கழுவத் தெரியாது?"

"விஞ்ஞானத்துல மெஜாரிட்டி செல்லாதும்மா" என்றார். "பிஎச்சை மட்டும் கீழ கொண்டுவந்துட்டா போதும். சிட்ரிக் ஆசிட். எலுமிச்சை உப்புன்னு நம்ம கிச்சன்லயே இருக்கும். அப்புறம் லேபிள்ல சின்னதா, 'முனைவர் ஜீவானந்தம் மேற்பார்வையில்'னு ஒரு வரி போட்டுக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்ல."

"மொத்தமா போட வேணாமே சார். ஒரு டம்ளர்ல கொஞ்சம் எடுத்துப் பாத்துட்டு…"

"முப்பத்தொரு வருஷம்" என்றார் ஜீவானந்தம். அந்த வாக்கியத்தை அவர் எப்போதும் முடிப்பதில்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை.

கேனிலிருந்ததை ஒரு பெரிய வாளியில் கொட்டி, எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, கிளறி, பேப்பரில் தொட்டுப் பார்த்தார். ஒன்பது. இன்னும் ஊற்றினார். எட்டு. தேன் நிறத்தில் இருந்த சோப்பு கலங்கி வெள்ளையானது. "இது இடைநிலை" என்றார். ஏழு. வாளியில் பொடிப்பொடியாக ஏதோ மிதக்கத் தொடங்கியது.

"பால் திரிஞ்சிடுச்சு" என்றார் ஜெயஸ்ரீ.

"டீக்கு வெச்சதா?"

"உங்க வாளியில."

அவர் காதில் வாங்கவில்லை. இன்னும் இரண்டு ஸ்பூன். பேப்பர் கடைசியில் அந்த நிறத்துக்கு வந்தது. "அஞ்சு புள்ளி அஞ்சு" என்று அறிவித்துவிட்டு, பேப்பரை லேபிளின் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். லேபிளும் வாளியும் அணுவளவு பிசகாமல் ஒத்துப்போயின. ஒரே ஒரு குறை, வாளியில் இருந்தது இப்போது சோப்பு இல்லை.

"ஒரு நாள் அசையாம வைங்க. செட்டில் ஆகும்" என்றார்.

செட்டில் ஆனது. மறுநாள் காலை மெஹர் பானு வந்து பார்த்தபோது மேலே மஞ்சளாக ஓர் எண்ணெய்ப் படலம், கீழே கஞ்சித் தண்ணீர். கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு குமிழிகூட எழவில்லை.

ஜீவானந்தம் தொண்டையைச் செருமினார். "உங்க எண்ணெய்ல ஏதாவது கலப்படம்…"

"பெருங்களத்தூர் செக்குல நானே நின்னு ஆட்டி வாங்கினது சார்."

கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கே புதுசாக் காய்ச்சினா வெள்ளிக்கிழமை காலையில ரெடியாயிடும். செய்யலாம். ஆனா அதே சோப்புதானே சார் வரும்? கோவளத்துல அதே மாதிரிதானே ஒட்டும்?"

கேள்வி யாரை நோக்கியது என்று சொல்ல முடியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். திட்டத் தெரியாதவர்கள் எதிரில் நிற்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பயிற்சி கொடுப்பதில்லை. மெஹர் பானு காலி கேனை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

ஜீவானந்தம் உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். 'பொறியியல் வேதியியல்: செய்முறைக் கையேடு.' எழுதியவர் அவரே. முதலாண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் வாங்கியே ஆக வேண்டும் என்ற விதி இருந்த காலத்தில் பதினோரு பதிப்பு கண்டது. பதினான்காம் பக்கத்தில் அச்சாகியிருந்தது: 'சோப்புக் கரைசலுடன் அமிலம் சேர்த்தால் சோப்பு சிதைந்து, கொழுப்பு அமிலம் பிரிந்து மிதக்கும்.' இரண்டு தடவை படித்தார். அவர் எழுதியதுதான். எழுதியது என்றால் இன்னொரு கையேட்டிலிருந்து எடுத்து எழுதியது. அந்தக் கையேட்டுக்காரர் எங்கிருந்து எடுத்தாரோ. ஆக மொத்தம், வழியில் யாரும் ஒரு சோப்பைக்கூடத் திரித்துப் பார்க்கவில்லை.

"பக்கம் பதினாலா?" என்று கேட்டார் ஜெயஸ்ரீ.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மொதப் பதிப்புக்கு ப்ரூஃப் பாத்தது யாரு?"

கெடுத்ததற்கு ஈடாக ஒரு கிலோ பொட்டாஷாவது வாங்கிக் கொடுப்போம் என்று கிளம்பினார். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கெமிக்கல் கடை. கவுண்டரில் இருந்தவர் ரவி. நாற்பது வயதிருக்கும். ஒரு கையில் டீ, இன்னொரு கையால் டிரம்மிலிருந்து எதையோ அள்ளிக்கொண்டிருந்தார்.

"பொட்டாஷ் ஒரு கிலோ."

"இன்னா சார், சோப்பா? நுரை வர்லியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சோப்பு போடறவங்களே வந்தா புது பேட்சு. அவுங்களுக்காக வேற யார்னா வந்தா எதுனா பேஜாரு." பொட்டாஷை நிறுத்துக்கொண்டே கேட்டார். "எந்த ஊரு தண்ணி?"

"கேன் தண்ணியிலதான் செய்யறாங்க."

"செய்றத யாரு கேட்டா? கழுவறது எந்தத் தண்ணில?"

"கோவளம்."

ரவி டீயைக் கீழே வைத்துவிட்டார். "சார், அங்க பைப்பு வாயே வெள்ளையா பூத்துகினு கீது. அந்தத் தண்ணில போய் இத்தக் கழுவுனா நுரை எப்டி வரும்? தண்ணில கீற சுண்ணாம்பு மொத்த சோப்பையும் துன்னுட்டு கட்டியாப் பூடும். கையில வந்து ஒட்டும். ஒட்டுச்சா?"

"ஒட்டிச்சு."

"அதான். கடல எண்ணெய கம்மி பண்ணி தேங்கா எண்ணெய ஏத்தச் சொல்லு. லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் இடிடிஏ போடச் சொல்லு. சுண்ணாம்ப அது புட்சி வெச்சிக்கும், சோப்பு தப்பிச்சிக்கும். பிஎச் ஒம்போது ஒம்போதரை இருந்தாத்தான் அது சோப்பு. அதுல கைய வெக்காத."

"இடிடிஏ" என்றார் ஜீவானந்தம்.

"ஆமா சார். வெள்ளையா, உப்பு மாதிரி இருக்கும். காட்டட்டா?"

காட்ட வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷமாக அவருடைய கையேட்டின் முதல் பரிசோதனை அதுதான்: நீரின் கடினத்தன்மை காணல். பியூரெட்டில் இடிடிஏ. கீழே குடுவையில் கடின நீர். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடம் விடை. வருஷத்துக்கு இருநூற்று நாற்பது மாணவர்கள், எல்லாருக்கும் ஒரே விடை. ஏனென்றால் கடின நீர் என்று குடுவையில் இருந்ததை, ஆய்வக உதவியாளர் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து முந்தைய நாளே தயாரித்து வைத்துவிடுவார். விடை சீனியர்களின் ரெக்கார்டில் இருக்கும். அத்தனை வருஷத்தில் குழாய்த் தண்ணீர் அந்தச் சோதனைக்குள் வந்ததே இல்லை. அது பியூரெட்டைக் கழுவ மட்டும் பயன்பட்டது.

"நீங்க எங்க படிச்சீங்க? கெமிஸ்ட்ரியா?"

"நானா? பி.காம் சார்" என்றார் ரவி. "இதெல்லாம் வாங்கினு போறவங்க திரும்பி வந்து திட்டித் திட்டிக் கத்துக் குடுத்தது."

பொட்டாஷோடு இடிடிஏயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் ஜீவானந்தம் குளியலறைக்குள் போய் ஷவரை அண்ணாந்து பார்த்தார். ஐம்பது துளையில் நாற்பது வெள்ளையாக அடைத்திருந்தது.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"வீடு கட்டினதுலேந்து" என்றார் ஜெயஸ்ரீ. "மாசம் ஒரு தடவை கழட்டி வினிகர்ல ஊறப் போடறேன். அப்போ நீங்க வராந்தாவுல இருப்பீங்க."

அவர் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இருந்த பத்துத் துளை வழியாகத்தான் இத்தனை வருஷமும் குளித்துவிட்டு, கல்லூரிக்குப் போய் கடினத்தன்மை நடத்தியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு தடவைகூட வழி திறக்கவில்லை. எது எங்கே அடைத்துக்கொண்டது என்று யோசித்தார். யோசித்ததில் பெருமைப்பட எதுவும் கிடைக்கவில்லை. போனை எடுத்தார்.

"மெஹர் பானும்மா, பதினாலாம் பக்கம்… இல்ல, அது வேண்டாம். என்னாலதான் கெட்டுது. எண்ணெய்ல ஒண்ணும் இல்ல." பிறகு ரவி சொன்னதைச் சொன்னார். தாம் கண்டுபிடித்ததாகச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்து வாக்கியத்தின் நடுவில் நின்றது. "கடைக்காரர் சொன்னார்" என்று அதைத் தாண்டிப் போனார். "ஆனா நான் சொல்றேன்னு மொத்தமாப் போட்டுடாதீங்க. ஒரு டம்ளர்ல பாருங்க."

"எந்தத் தண்ணில சார் பாக்கறது? என்கிட்ட கேன் தண்ணிதானே இருக்கு."

"நான் கொண்டு வரேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை, இரண்டு காலி பாட்டில்களோடு தாம்பரத்தில் பஸ் ஏறி கோவளத்தில் இறங்கினார். மீன் விற்கும் இடத்தில் அங்காளம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்த குரல் ஒன்றுதான் இருந்தது. ஐம்பத்தைந்து வயது. முன்னால் ஐஸ் பெட்டி, பக்கத்தில் ஒரு அடி பம்பு.

"இந்தத் தண்ணியில ரெண்டு பாட்டில் பிடிச்சுக்கலாங்களா?"

அங்காளம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா, ஆபீசா? வருசா வருசம் ஒருத்தர் வந்து பாட்டில்ல புட்சினு போறீங்க. ஒருத்தனும் திரும்பி வந்து இன்னா கீதுன்னு சொன்னதில்ல."

"ஆபீஸ் இல்லீங்க. சோப்பு விஷயமா. மெஹர் பானு…"

"பாயம்மாவா அனுப்பிச்சுது? நாளைக்கு வந்துடுமில்ல? நீ யாரு?"

"டாக்டர் ஜீவானந்தம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடுத்த நொடி அவர் முகத்துக்கு நேராக ஒரு உள்ளங்கை விரிந்தது. "டாக்டரா? அப்ப இத்தப் பாரு." விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, முள் குத்திய இடங்களில் சிவந்திருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து தையல்நாயகி என்ற பெண்மணி வந்து தம் கையையும் நீட்டினார். பின்னால் இன்னும் நாலு கைகள். "எனக்கு இந்த விரலு மடங்கவே மாட்டேங்குது டாக்டரே." "எனக்கு உப்பு பட்டா உயிர் போவுது."

இத்தனை கைகளை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. முப்பதாயிரம் மடங்கு என்று அவர் சொன்ன கணக்கில் இவை எங்கும் இல்லை.

"நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்றார். "வாத்தியார்."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கின்னா?" அங்காளம்மா கையை இழுத்துக்கொண்டார். மற்ற கைகளும் மடங்கிப் போயின. "வாத்தியாருக்கு இங்க இன்னா வேல?"

பாட்டிலைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் நாளைக்கு மெஹர் பானு கொண்டுவருவதில் ஏதாவது பிசகினால், பழி அந்தம்மா தலையில் விழும்.

"அந்தம்மா சோப்பைச் சரியாத்தான் செஞ்சாங்க. உங்க தண்ணி எப்படின்னு நாங்க யாரும் கேக்கல. அதான் நுரை வரல. நாளைக்குக் கொடுக்கறதுக்குன்னு ஒரு கேன் வெச்சிருந்தாங்க. அதை நான்தான் கெடுத்தேன்."

"இன்னா போட்டுக் கெடுத்த?"

"எலுமிச்சை உப்பு."

"எதுக்கு?"

"லேபிள்ல இருக்கற நம்பர் வரணும்னு."

அங்காளம்மா கத்தியைக் கீழே வைத்தார். தையல்நாயகியைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அது பக்கத்துக் கடைகளுக்கும் பரவி, விஷயம் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

"லேபிள கிழிச்சுப் போட்டிருந்தா ஆச்சே சாரே" என்றார் தையல்நாயகி.

ஆகியிருக்கும். அவருக்குத் தோன்றவில்லை. பலகையை நம்பியே வாழ்ந்தவருக்கு அது தோன்றாது.

"ஒரு ரெண்டு நாள் டைம் தந்தீங்கன்னா…"

"வெள்ளிக்கெழமன்னா வெள்ளிக்கெழமதான். அன்னிக்குத்தான் எல்லாரும் கூடுவோம். வேன்காரனும் வருவான். கெடுத்தது நீதானே? நீயும் வா. எங்க தண்ணில மொதல்ல நீ கழுவு, நாங்க பாக்குறோம்." பாட்டில்களை அவரிடமிருந்து பிடுங்கி, அங்காளம்மாவே பம்பை அடித்து நிரப்பிக் கொடுத்தார். "இந்தா. இந்தத் தண்ணில இன்னா கீதுன்னாவது வந்து சொல்லு."

அன்று மாலை மெஹர் பானுவின் பின்கட்டில் நாலு எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக நின்றன. புதிய சோப்பு, தேங்காய் எண்ணெய் கூடுதலாகப் போட்டது, தேன் நிறத்தில் ஆறியிருந்தது. டெஸ்ட் பேப்பர் ஒன்பதரை காட்டியது. யாரும் அதில் கை வைக்கவில்லை. நாலு டம்ளரிலும் கொஞ்சம் கொஞ்சம் சோப்பு, ஒவ்வொன்றிலும் இடிடிஏ வேறு வேறு அளவு, மேலே கோவளத்துத் தண்ணீர்.

"முதல் டம்ளர்ல என்ன வரும் சார்?"

"தெரியல" என்றார் ஜீவானந்தம்.

இடிடிஏ போடாத முதல் டம்ளர் குலுக்கியதும் திரிந்தது. மெஹர் பானு அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒன்பது மாதமாகத் தம் வீட்டில் ஒரு தடவையும் நடக்காதது அவர் கண் முன்னால் நடந்தது. "இதைத்தான் அவங்க சொன்னாங்க" என்றார் மெதுவாக. லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கணக்கில் போட்ட இரண்டாவதில் நுரை எழுந்து உடனே படுத்தது. இரண்டு ஸ்பூன் கணக்கில் நின்றது. மூன்று ஸ்பூனிலும் அதே உயரம்தான். ஜீவானந்தம் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, நாலையும் மெஹர் பானுவின் நோட்டிலேயே எழுதினார். முப்பத்தொரு வருஷத்தில் விடை தெரியாமல் அவர் செய்த முதல் சோதனை அது.

வெள்ளிக்கிழமை கோவளத்தில் நாற்பது பேரும் இல்லை, முப்பது பேர்போல் இருந்தார்கள். மெஹர் பானு இரண்டு கேன்களை ஆட்டோவிலிருந்து இறக்கினார். ஸ்டிக்கர்களில் 'பிஎச் 5.5' மார்க்கரால் அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே கையால் 'உப்புத் தண்ணிக்கு' என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே ஒரு வரி போடும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஜீவானந்தமும் நினைவூட்டவில்லை.

"வாத்தியாரே, சும்மா கையக் கழுவுனா எப்டி?" அங்காளம்மா ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பெரிய சங்கரா மீனை எடுத்து அவர் கையில் வைத்தார். "வயித்தக் கிழிச்சி உள்ள கீறத எடு."

எடுத்தார். எப்படி எடுத்தார் என்பதைப் பிறகு ஜெயஸ்ரீயிடம்கூடச் சொல்லவில்லை. தையல்நாயகி பம்பு அடித்தார். மெஹர் பானு ஒரு மூடி சோப்பை அவர் உள்ளங்கையில் விட்டார். வேன் தூரத்தில் வந்து நின்று ஹார்ன் அடித்தது. யாரும் திரும்பவில்லை.

கைகளைத் தேய்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. வழுக்கலாக ஏதோ ஓடியது. அதற்குப் பிறகு விரல் இடுக்கிலிருந்து வெள்ளையாகத் தொடங்கி, புறங்கை, மணிக்கட்டு வரை நுரை ஏறியது. தண்ணீர் விட்டதும் ஒட்டாமல் இறங்கிப் போனது.

"கையக் காட்டு."

நீட்டினார். அங்காளம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார். முப்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"மீன் நாத்தம் முழுசாப் போவல" என்றார்.

மெஹர் பானுவின் முகம் வாடியது.

"முழுசாப் போய்ட்டா வூட்டுல பூனைகூட மதிக்காது." அங்காளம்மா தாமே ஒரு மூடி ஊற்றிக் கழுவினார். வெடிப்பில் பட்ட இடத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்திருந்தார். "எரியல. நுரை வருது. பாயம்மா, ரெண்டு கேனையும் இங்கியே வை. மாசம் எட்டு கொண்டா. தையலு, அந்த வேன்காரன போச் சொல்லு."

பிறகு திரும்பிப் பார்த்தார். "சாரே, கைய எடுத்துக்கோ. எவ்ளோ நேரமா நீட்டினே நிக்கிற."

அப்போதுதான் ஜீவானந்தம் கவனித்தார். செய்முறைத் தேர்வில் ரெக்கார்டு நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டிக்கொண்டு மாணவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். அவர் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிற்க வைப்பார்.

கையை எடுத்துக்கொண்டார். "உங்க தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்திங்க. கேட்டீங்களே."

"அது எங்களுக்கே தெரியும்" என்றார் அங்காளம்மா. "பரவால்ல, நீ ஒருத்தன்தான் திரும்பி வந்து சொன்ன."

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மெஹர் பானு போனை எடுத்தார். இரண்டு தடவை பெயரைத் தேடி, மூன்றாவது தடவை அழுத்தினார்.

"சார், நான் மெஹர் பானு பேசறேன். நல்லா இருக்கேன் சார். பேக்கிங்ல எனக்காக வெச்சிருக்கற அந்த சீட்டுல ஆள் போட்டுக்கோங்க."